முதலில் வைத்த கை

அந்த வருஷம் கோவில்பட்டியில் கணினி இரண்டு ஜாதியாகப் பிரிந்து நின்றது. ஒன்று பட்டன் பெட்டி, சொன்னதைச் செய்யும். இன்னொன்று மனசுப் பெட்டி, நினைத்ததைச் செய்யும். கம்பெனிக்காரர்கள் இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர்களை வைத்திருந்தார்கள். ஊர் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பட்டன் பெட்டி வைத்திருப்பவனைப் பார்த்து, இன்னும் தட்டிக்கிட்டா இருக்க என்று கேலி பேசுகிற காலம் வந்துவிட்டது.

கோமதி கிராபிக்ஸ் செண்பகவல்லி இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று மனுஷன் பிறந்து போய்ச் சேருகிற வரைக்கும் ஊருக்குப் பேனர் போட்டுக் கொடுக்கிற கடை அது. பிளக்ஸ் ஒழிந்து, இருட்டில் தானே மினுங்குகிற ஒளித்துணி வந்துவிட்டது. ஆனாலும் தாய்மாமன் மீசையும் கறுப்புக் கண்ணாடியும் ஒழிந்தபாடில்லை. எந்த மாமன் படம் பெரிது, யார் பெயர் முதலில் என்று வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊர் அது. அந்தச் சிக்கல்களையெல்லாம் சிரித்துக்கொண்டே தீர்த்துவைத்தவர் அவள் புருஷன் கோமதிநாயகம்.

அந்த மனுஷனின் வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே காலையில் பக்கவாதம் வாரிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில் கடை மூலையில் உட்கார்ந்திருக்கிறார். ஆமாம் என்பதற்கும் ஒரே தலையாட்டல்தான், இல்லை என்பதற்கும் அதே தலையாட்டல்தான். புரிந்துகொள்கிற சக்தியும் பெரும்பாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வருகிறவர்கள் அவரையும் நாற்காலியையும் சேர்த்து ஒரே சாமானாகத்தான் பார்த்தார்கள். எதையும் அவருக்கு முன்னாலேயே பேசினார்கள்.

பிள்ளைகுட்டி இல்லை. அவரைத் தூக்க, துடைக்க, ஊட்ட, நடுவில் கடையையும் நடத்த ஒருத்திக்கு எத்தனை கை வேண்டும்? எதிர்க்கடைக்காரன் மனசுப் பெட்டிக்கு மாறியதிலிருந்து ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேனர் தந்துகொண்டிருந்தான். இவளிடம் வந்தவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, மெல்ல எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். மாறத்தான் வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் கிடந்து அரித்தது. மனுஷன் நினைப்பதெல்லாம் செய்யத் தகுந்ததா என்ன? நினைப்புக்கும் கைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால்தானே உலகத்தில் பாதிக் கொலை நடக்காமல் இருக்கிறது.

கடைசியில், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்று கம்பெனி ஆள் அகஸ்டின் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். தூத்துக்குடிப் பையன், நல்ல மாதிரி. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பலகை, பக்கத்தில் ஒரு திரை, அவ்வளவுதான் பெட்டி.

"விரலை அசைக்கிறதுக்கு மூளையில இருந்து கைக்கு ஒரு சேதி வரும்லக்கா, அதை இது படிச்சிரும்" என்றான்.

"விரல் அசையறதுக்கு முன்னாடியேவா?"

"அசையணும்னுகூட இல்லை. மனசுல வேணும்னு இருந்தாப் போதும். முதல்ல ஓனர் கையை வைக்கணும். அந்தக் கையோட மனசைத்தான் இது பழகிக்கும். அப்புறம் யார் வச்சாலும் வேலை செய்யும், ஆனா அவுகள்லாம் இதுக்கு விருந்தாளிதான்."

சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து ஒயரை எடுத்து வரப் போனான்.

புது மெஷின் வந்தால் செய்யவேண்டியதைச் செண்பகவல்லி செய்தாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள், எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைத்தாள். அப்புறம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோமதிநாயகத்தின் கைராசி பஜாருக்கே தெரிந்த விஷயம். அவர் நல்லாயிருந்த காலத்தில் நாலு கடை தள்ளியிருக்கிற பாத்திரக்கடைக்காரர்கூடப் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார். இவர்கள் கடையில் அவர் கை வைக்காமல் ஒரு மெஷினும் ஓடியதில்லை. இடது கை கொஞ்சம் அசையும்தான். அதற்காக இடது கையால் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? செத்த கையானாலும் வலது கை வலது கைதான் என்று அதைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். ஓரத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல சகுனம் என்று கும்பிட்டுவிட்டு, அவரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள்.

அகஸ்டின் ஒயரோடு திரும்பி வந்து, கை வைத்தாகிவிட்டதா என்று கேட்டான். வைத்தாகிவிட்டது என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

அந்த வாரம் கடை களைகட்டியது. காலையில் கடை திறந்ததும் போணிக்காக அவர் கையைக் கொஞ்ச நேரம் பலகையில் வைப்பாள். அப்புறம் தன் கையை வைத்து வேலையைத் தொடங்குவாள். பேனர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பெயரைச் சுற்றிப் போடுகிற தங்கக்கோடும், மாப்பிள்ளை படத்தை ஒரு நூல் சாய்த்து வைக்கிற வாகும் அச்சு அசலாக அவர் கைவேலை மாதிரியே இருந்தன. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது தனக்குள்ளும் ஏறியிருக்கிறது என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. இந்தப் பெட்டியை விடக்கூடாது என்று முடிவுக்கே வந்துவிட்டாள்.

கடைசி நாள் காலையில் காசிப்பாண்டி வந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து. மாமன்மார் இரண்டு பேர். மூத்தவர் படம் பெரிதாக இருந்தால் இளையவர் சீர் கொண்டுவர மாட்டாராம். இளையவர் படம் பெரிதாக இருந்தால் மூத்தவர் வரவே மாட்டாராம். மூன்று நாளாக அந்தப் பேனர் இழுத்துக்கொண்டு கிடந்தது. செண்பகவல்லி போணிக்காகப் புருஷன் கையைப் பலகையில் வைத்திருந்த நேரம் பார்த்துக் கோமதிநாயகத்துக்கு இருமல் வந்தது. அவர் கையை எடுக்காமலே ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், காசிப்பாண்டி திரையைப் பார்த்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

திரையில் கறுப்புக் கரை போட்ட பேனர் ஒன்று. கண்ணீர் அஞ்சலி. நடுவில் கோமதிநாயகத்தின் படம். கழுகுமலைத் திருவிழாவில் நீலச் சட்டையோடு சிரித்தது, அவளே எடுத்த படம். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதி இருந்தது, மறைவு என்ற இடம் காலியாக இருந்தது. கீழே வருந்துவோர் பெயர்கள்: அக்கா உலகம்மாள், மச்சான், மருமக்கள், பஜார் நண்பர்கள். அதில் செண்பகவல்லி பெயர் மட்டும் இல்லை.

அந்தப் படத்துக்குரிய மனுஷன் உயிரோடு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். காசிப்பாண்டி திரையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். அப்புறமாக வருகிறேன் என்று முனகிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

செண்பகவல்லி எட்டித் திரையை அணைத்தாள். பெட்டி பொய் சொல்கிறது என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் கத்துவதற்கு அவளிடம் யோக்கியதை இல்லை. போன மாதம் ஒருநாள், அவரைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது, போய்ச் சேர்ந்தால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது என்றுதான் இருந்தாள். போகவில்லை போலிருக்கிறது. உள்ளே எங்கோ பதுங்கியிருந்து, ஒரு வாரமாக வைத்த அவள் கை வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, கறுப்புக் கரை கட்டிக்கொண்டு ஊர் பார்க்க வந்து நிற்கிறது.

பஜாரில் சேதிக்குக் கால் முளைக்க எத்தனை நேரம் ஆகும்? மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உலகம்மாள் எட்டையபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கோமதிநாயகத்துக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதனால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் என்றும் கனம் உண்டு. போன பொங்கலுக்கு வந்தபோது, இப்படிக் கிடந்து சீரழிவதற்குப் போய்ச் சேர்ந்தால் புண்ணியம் என்று தம்பிக்கு முன்னாலேயே சொல்லி, மூக்கைச் சிந்தி, பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் போனவளும் அவள்தான். ஆனால் வாயால் சொல்வது வேறு, பேனர் அடிப்பது வேறு அல்லவா?

உலகம்மாள் சத்தம் போடவில்லை. திரையைப் போடச் சொல்லிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசிப் பெயர் வரைக்கும் படித்தாள்.

"உம் பேரை மட்டும் விட்டுட்டியே செம்பகம். அழக்கூட மனசில்லையா?"

 சாயங்காலம் மகன் காரோடு வருவான், தம்பியை எட்டையபுரத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் உலகம்மாள். சோறு போட எனக்குத் தெரியும், சாவுக்கு நாள் பார்க்கிற வீட்டில் அவனை விட்டுவைக்க மாட்டேன் என்றாள். அப்புறம் பெஞ்சியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலை வைக்கவில்லை. அவருக்கு மட்டும் செண்பகவல்லி கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது. இரண்டு வருஷமாக அவரை ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை. இந்த நாற்காலி இல்லாத கடையை நினைத்துப் பார்த்தாள். நிம்மதி என்று நினைத்தாளே, அந்த நிம்மதி இப்படித்தான் இருக்கும் என்று யார் கண்டது?

வெயில் தாழ்ந்ததும் அகஸ்டின் சிரித்த முகமாக வந்தான். வந்தவனை உலகம்மாள்தான் மறித்தாள்.

"ஏய்யா, இந்த மெஷின் பொய் சொல்லுமா?"

அகஸ்டின் திரையைப் பார்த்தான், முகம் சுருங்கிவிட்டது. 

"பொய் சொல்லத் தெரியாதும்மா. மனசுல இல்லாததை அதால எடுக்க முடியாது. ஆனா மனுஷ மனசுல ஆயிரம் வந்து போகும். இதை வச்சு ஒருத்தரைக் குத்தம் சொல்லக்கூடாது."

சொல்லக்கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருந்த ஊர் எங்கே இருக்கிறது? செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நினைச்சேன் மதினி. ஒருநாள் நினைச்சேன். அது மெய்தான். அகஸ்டின் தம்பி, இதை எடுத்துக்கிட்டுப் போயிரு. சொன்னதைச் செய்யற பெட்டியே எனக்குப் போதும்."

பெட்டியை எடுப்பதென்றால் அது பழகிய மனசை முதலில் அழிக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடைக்கு இவள் மனசும் சேர்ந்து போய்விடும் என்று அகஸ்டின் சொன்னான். அதற்கும் கைதான் வைக்கவேண்டுமாம். அழிந்து போகட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டு வைக்கச் சொன்னான். அவள் வைத்தாள். இதைவிட மனசார அவள் எதையும் நினைத்ததில்லை.

பெட்டி ஏற்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: இது உரிமையாளர் கை அல்ல.

வேர்வை இருக்கும், துடைத்துவிட்டு வையுங்கள் என்றான் அகஸ்டின். துடைத்து வைத்தாள். அதே வரிதான் வந்தது. அவன் நெற்றியைச் சொறிந்துகொண்டான்.

"அன்னைக்கு முதல்ல கை வச்சது நீங்கதானக்கா?"

அவள் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அவள் தலை தானாக மூலைப் பக்கம் திரும்பியது. கூடவே மற்ற இரண்டு பேர் தலையும் திரும்பியது.

"அவுகளுக்குக் கைராசி" என்றாள்.  "ஆனா அந்தக் கைதான் செத்துப்போச்சே."

அகஸ்டின் அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டான். சேதி வருவது வேறு, விரல் அசைவது வேறு என்று அவன் விளக்கினான். விரலை அசைக்கிற அளவுக்குப் பலம் இல்லாத சேதிகூட இருக்கும், அது தோலுக்கு அடியில் முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும், டாக்டர் கண்ணுக்குப் படாது, இதற்குப் படும் என்றான். அப்படியானால் இந்த வாரம் போட்ட தங்கக்கோடும் சாய்ந்த படமும் யார் வேலை? தினமும் காலையில் ராசிக்கு என்று அவள் அவர் கையை வைத்தாள். அவர் அதற்குள் தன் கைவாகைப் பெட்டிக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு இருமல் வந்து கை கூடக் கொஞ்ச நேரம் பலகையில் இருந்துவிட்டது. அந்த நேரத்தில் தனக்கே ஒரு பேனர் போட்டுக்கொண்டார்.

உலகம்மாள் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பொங்கலன்று தான் பேசியது ஞாபகம் வந்துவிட்டது. அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தான்?" என்றாள். 

செண்பகவல்லி நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். உள்ளே ஓர் ஆள் இருந்துகொண்டு, ஒரு சாடைகூடக் காட்டாமல், தன்னை மட்டும் தனியாகப் பேசிக்கொண்டு திரியவிட்டிருக்கிறார் என்ற கோபம். அது அவர் குற்றம் இல்லை என்று தெரிந்தும் வந்தது. அப்புறம்தான் பேனரில் தன் பெயர் ஏன் இல்லை என்பது உறைத்தது. ஊரெல்லாம் அழட்டும், இவள் போதுமான அளவு அழுதுவிட்டாள், இவளை விட்டுவிடுங்கள் என்று விட்டிருக்கிறார். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒரே நினைப்பை நினைத்திருக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவர்மேல் இருந்த இரக்கத்தில்.

"ரெண்டு வருசமா உள்ளதான் இருந்தீகளா?"

அவர் தலை ஆடியது. ஆமாமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத அதே தலையாட்டல்.

அகஸ்டின் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெட்டியை எடுக்கவேண்டுமென்றால் அண்ணாச்சிதான் கை வைக்கவேண்டும், அழியட்டும் என்று அவருக்கு இருந்தால்தான் அழியும் என்றான். வாசலில் கார் வந்து நின்று ஒலி எழுப்பியது. உலகம்மாள் எழுந்திருக்கவில்லை.

செண்பகவல்லி எழுந்து, ஒரு வாரமாகத் தொடாமல் கிடந்த பழைய பட்டன் பெட்டியின் தூசியைத் தட்டினாள். அந்தக் கண்ணீர் அஞ்சலியை அதற்குள் ஏற்றினாள். நாற்காலியை அவருக்குத் திரை தெரிகிற மாதிரித் திருப்பிவைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. உலகம்மாள் பெயருக்கு மேலே, எல்லோருக்கும் முதலில், மனைவி செண்பகவல்லி என்று வந்தது.

"அழிக்கல. ஒருநாள் வேணுமில்ல, இருக்கட்டும்" என்றாள் அவரிடம். "அதுல ஒரு தப்பு இருந்துச்சு, திருத்திட்டேன். அந்தத் தேதியை நீங்களும் போட வேண்டாம், நானும் போட வேண்டாம். அது வர்றப்ப வரட்டும். இப்ப உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லுங்க. மெஷினை அனுப்பணும்னாலும் சரி."

நாற்காலியை மனசுப் பெட்டிக்கு அருகில் தள்ளி, அந்தக் கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். இந்த முறை ராசிக்காக வைக்கவில்லை. வைத்த பிறகு தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். திரை வெறுமையாக இருந்தது. கறுப்புக் கரை வருகிறதா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கோமதிநாயகத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது. அவர் கண் மட்டும் திரையைவிட்டு நகரவில்லை.

மெல்ல ஒரு மஞ்சள் நிறம் பரவியது. காசிப்பாண்டி மகளின் காதுகுத்து. மூன்று நாளாக அடிபட்டுக் கிடந்த மாமன்மார் இரண்டு பேரும் சுருங்கிச் சுருங்கி ஒரே அளவுக்கு வந்தார்கள். நடுவில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அந்தச் சின்னப் பிள்ளை பெரிதாக, பேனர் கொள்ளாத அளவுக்கு வளர்ந்து நின்றாள். அவள் காலடிக்கு இரண்டு பக்கமும், யானைக்குப் பாகன்கள் மாதிரி, கறுப்புக் கண்ணாடிகளோடு மாமன்மார். எந்த மாமன் இனி வாயைத் திறப்பான்? பிள்ளையின் பெயரைச் சுற்றித் தங்கக்கோடு ஒன்று ஓடி வந்து முடிந்தது.

உலகம்மாள் வாசலுக்குப் போய், காரைத் திருப்பிக்கொண்டு போகும்படி மகனிடம் சொல்லிவிட்டு, உலை வைக்க அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அகஸ்டின் ஒயரைச் சுருட்ட எடுத்தவன், அதைப் பழையபடி மாட்டினான்.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு காசிப்பாண்டிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவர் என்னென்னவோ தயங்கினார். அவள் நாற்காலியைப் பார்த்தபடியே பேசினாள்.

"வாங்கண்ணே, பேனர் ஆயிருச்சு. அவுகதான் முடிச்சாக. சீக்கிரம் வாங்க, எங்களுக்கு இன்னும் போணி ஆகல."